தேர்தல் வந்தால் கல்லூரி அரசியல் மன்றம் என்ன செய்யலாம்? சித்தூர் தாலுகா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 மார்ச் 20, மதியம் இரண்டு மணி. அறுபத்து மூன்று படிவங்களை ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு, நானும் மன்றத்து நண்பன் ஒருவனும் ஓர் அலுவலகக் கவுண்டரில் நின்றோம். எல்லாம் படிவம் 6, அதாவது வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கானது. பதினோரு நாள் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி நிரப்பியவை. கவுண்டரில் இருந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒராளுக்கு ஒண்ணு, மோனே. கெட்டாயிட்டு எடுக்கில்ல."

அவர் சொன்னது விதிப்படி சரிதான். தனி ஆளோ அமைப்போ மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை வாங்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. தன்னுடையதையும், அதே வீட்டில் இருக்கும் குடும்பத்தாருடையதையும் ஒருவர் கொடுக்கலாம், அவ்வளவுதான். கட்சிகள் நியமிக்கும் வாக்குச்சாவடி நிலை முகவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்போடு அனுமதி உண்டு. நாங்கள் முகவர்களும் அல்ல. கடைசி நாளுக்கு ஐந்தே நாள் இருந்தது. அதற்குள் 41 பேருடையதை ஆன்லைனில் ஏற்ற முடிந்தது. மீதி 22 பேர் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவில்லை.

இனி மன்றப் பொறுப்புக்கு வருகிறவர்கள் இதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சித்தூர் என்று நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூரை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆந்திரச் சித்தூர்க்காரர்கள் தப்பாக இங்கே வந்திருந்தால், படிவங்களும் சட்டமும் உங்களுக்கும் ஒன்றுதான். தேதிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. மன்றமா, கட்சி யூனிட்டா? முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்

நம்மூர்க் கல்லூரிகளில் எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யூ., ஏ.பி.வி.பி. என்று எல்லா மாணவர் அமைப்பின் யூனிட்டும் இருக்கும். மன்றத்தில் சேருகிறவர்களில் பாதிப் பேர் அதில் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் மன்றத்தின் பெயரில் எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் எழுதிய தாளில் மூன்றே வரி: பெயர் சேர்க்க உதவுவோம், வேட்பாளர்களை அழைத்துக் கேள்வி கேட்போம், வாக்குப்பதிவு நாளில் முதியவர்களுக்கு உதவுவோம். ஒரு வேட்பாளருக்காகக் கொடி பிடிப்பது அவரவர் விருப்பம். அதற்கு மன்றத்தின் பெயர் வேண்டாம்.

தேர்தல் ஆணையம் கல்லூரிகளில் கேம்பஸ் அம்பாசிடர் என்று மாணவர்களை நியமிக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவருக்குக் கட்சித் தொடர்பு இருக்கக் கூடாது. எங்கள் மன்றத்திலிருந்து கொடுத்த முதல் பெயர், போன வருடம் யூனியன் தேர்தலில் ஓர் அணியின் வேட்பாளராக நின்றவன். பெயரைத் திரும்ப வாங்கினோம். நீங்கள் யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று முன்னாடியே யோசித்து வையுங்கள்.

முதல்வருக்கு எழுதும் அனுமதிக் கடிதத்தில் 'அரசியல் நிகழ்ச்சி' என்று எழுதாதீர்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. 'எல்லா வேட்பாளர்களையும் அழைக்கும் கேள்வி பதில் நிகழ்ச்சி' என்று உள்ளதை உள்ளபடி முழுசாக எழுதுங்கள். 'அரசியல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கடிதம் மேசையின் அடியில் போய்விடும். எங்களுடையது ஒன்பது நாள் அங்கே கிடந்தது.

2. தேதிகளை ஒரு சார்ட்டில் எழுதி மாட்டுங்கள்

தேர்தல் அறிவித்த பிறகு வேலையைத் தொடங்கினால் பாதி தோல்வி. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. கேரளத்தில் வேட்புமனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 4. மனுத்தாக்கல் முடிகிற நாளோடு பட்டியல் பூட்டப்படும், அதன் பிறகு ஒரு பெயர்கூட ஏறாது. ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் தர வேண்டியிருப்பதால், கிட்டத்தட்ட பத்து நாள் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். அதனால்தான் மார்ச் 25 கடைசி என்றார்கள். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் ஒன்பதே நாள். அதில் இரண்டு ஞாயிறு.

ஆகவே தேர்தல் எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. அந்த நாளில் 18 நிரம்பியிருந்தால் போதும். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம், வயது வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். முதலாண்டு மாணவர்கள் சேரும் ஜூலை, ஆகஸ்டிலேயே இதை முடித்துவிட்டால், தேர்தல் மாதத்தில் உங்களுக்கு வேலையே இருக்காது.

வாக்குப்பதிவுத் தேதியை உறுதி என்று நம்பி பேனர் அடிக்காதீர்கள். 2024 பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தலை முதலில் நவம்பர் 13 என்றார்கள். கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்காக 20க்கு மாற்றினார்கள். தேதி அடித்த பேனர் வைத்திருந்தவர்கள் 13க்கு மேல் வெள்ளைத் துணி ஒட்டியதை நானே பார்த்தேன்.

3. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது?

நம்மூரில் மிகப் பெரிய சிக்கல் இதுதான். மற்ற ஊர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீடு எருத்தேன்பதியில். ஆதாரில் பொள்ளாச்சிப் பாட்டி வீட்டு முகவரி. படிப்பு கோயமுத்தூரில், தங்குவது ஹாஸ்டலில். இப்படி எங்கள் பட்டியலில் பதினான்கு பேர் இருந்தார்கள். சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம் எது? வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருக்கும் வீட்டு முகவரியில் சேரலாம், அல்லது ஹாஸ்டல் முகவரியில் சேரலாம். ஹாஸ்டல் என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுக் காலமுள்ளதாகவும் இருக்க வேண்டும். கல்லூரித் தலைவரிடம் போனஃபைடு சான்று வாங்கி இணைக்க வேண்டும்.

எது நல்லது என்று கேட்டால், என் கருத்து வீடுதான். ஹாஸ்டல் மூன்று வருடத்தில் காலியாகும். அப்புறம் மறுபடி மாற்ற வேண்டும். தவிர, பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய்க்கு நீங்கள் சண்டை போடப் போவது வீட்டுப் பக்கம்தான்.

இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள் இரண்டு தொகுதியிலோ, ஒரே தொகுதியில் இரண்டு முறையோ பட்டியலில் இருக்க முடியாது என்று 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தில் பொய்யாக உறுதி அளித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டதால், இரண்டு அட்டை வைத்திருந்தவர்களுக்கும் அது பயன்படவில்லை. 2024இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, நமக்கு ஏப்ரல் 26. ஒரு வாரம் இடைவெளி. "மை போறதுக்கு என்ன பண்றதுங்ணா?" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். எலுமிச்சை, பப்பாளிப் பால் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சே வரக் கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே பொள்ளாச்சிப் பக்கம் பெயர் இருந்து, இப்போது வீட்டுப் பக்கம் மாற்ற வேண்டுமா? அதற்குப் படிவம் 6 அல்ல, படிவம் 8. இடமாற்றம், பிழை திருத்தம், அட்டை தொலைந்தால் புதிது எல்லாமே இப்போது படிவம் 8இல் அடங்கும். பழைய 8ஏ 2022 ஆகஸ்டோடு போய்விட்டது. சில ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் அதை விற்கிறார்கள். படிவம் 6 முதல் முறை சேருகிறவர்களுக்கு மட்டும். பழைய பதிவை மறைத்துப் புதிதாகச் சேர்ந்தால் மேலே சொன்ன இரட்டைப் பதிவில் நீங்களாகவே போய் விழுவீர்கள்.

கல்யாணம் முடிந்து எல்லை தாண்டி வந்த அம்மாக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 4 முதல் இரண்டு மாநிலத்திலும் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று கேட்டார்கள். கேரளத்துக்கு அது 2002ஆம் ஆண்டுப் பட்டியல். தமிழ்நாட்டில் தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005. அம்மா அப்போது கிணத்துக்கடவுப் பக்கம் இருந்திருந்தால் கேரளப் பட்டியலில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாட்டுப் பட்டியலில், தாத்தா பெயரோடு தேட வேண்டும். கிடைத்த பக்கத்தின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பின்னாடி தம்பி, தங்கைக்கும் உதவும்.

4. படிவம் நிரப்பும் முகாம்

முகாம் என்றால் தாள் சேகரிக்கும் முகாம் அல்ல. ஒவ்வொருவரும் தன் போனில் தானே விண்ணப்பிக்க, பக்கத்தில் உட்கார்ந்து உதவும் முகாம். வாக்காளர் சேவைத் தளத்திலோ ஆணையத்தின் செயலியிலோ செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை, அட்டைக்கும் இல்லை. போன் சரியில்லாதவர்கள் அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) போகலாம். அங்கே சேவைக் கட்டணம் வாங்குவார்கள், ரசீது கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

வயதுக்கு: பிறப்புச் சான்று, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பிளஸ் டூ சான்று. இதில் ஒன்று போதும்.

முகவரிக்கு: ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், மின்சாரம், தண்ணீர் அல்லது எரிவாயு பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் அல்லது கிரயப் பத்திரம், வருவாய்த் துறை நில ஆவணம். பில் உங்கள் பெயரில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பெற்றோர் பெயரில் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். தாத்தா பெயர் என்றால் மட்டும் கூடவே வேறொன்று வையுங்கள். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பாதிப் பேர் அதைத்தான் கொண்டு வருவார்கள்.

படம்: வெள்ளைப் பின்னணி, வண்ணப் படம், 4.5 செ.மீ.க்கு 3.5 செ.மீ. கல்லூரிச் சுவரின் முன் போனில் எடுத்தது போதும். சுவர் மஞ்சளாக இருந்தால் ஒரு வேட்டியைத் தொங்கவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் வாக்காளர் அட்டை எண்ணையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு வாக்குச்சாவடியில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

அடுத்து பெயர். தளத்தில் பெயரை ஆங்கிலத்தில் அடித்ததும் மலையாளப் பெட்டியில் தானாக ஒரு பெயர் விழும். அதைப் பார்க்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள். எங்கள் வகுப்புத் தமிழ்ச்செல்வியின் ஆதாரில் ழகரத்துக்கு ஆங்கில எல் எழுத்து. மலையாளத்தில் அவர் 'தமில்செல்வி' ஆகிவிட்டார். மலையாளத்தில் நம் ழ இருக்கிறது என்பதே கணினிக்குத் தெரியவில்லை. கந்தசாமியின் க, நறுமணம் என்று பொருள்படும் 'கந்தம்' என்ற சொல்லின் ga ஒலியாக மாறியது, முருகனின் க-வும் அப்படியே. அந்தப் பெட்டியைக் கையால் திருத்த முடியும். மலையாளம் சுத்தமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை முகாமில் இதற்காகவே உட்கார வையுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அட்டை வந்த பிறகு திருத்த மறுபடி படிவம் 8, மறுபடி ஒரு மாதம்.

இனிஷியலும் அப்படித்தான். ஆதாரில் 'மணிகண்டன் ஆர்', பள்ளிச் சான்றில் 'ஆர். மணிகண்டன்', பாஸ்புக்கில் வெறும் மணிகண்டன். எந்த ஆவணத்தை இணைக்கிறீர்களோ அதில் இருப்பது போலவே அடியுங்கள்.

ஒரே போன் எண்ணில் ஆறு பேருக்குப் போடாதீர்கள். செய்தியெல்லாம் அந்த ஒருவனுக்கே போகும், அவன் பார்க்க மாட்டான். முடிந்ததும் வரும் ஒப்புகை எண்ணை மன்றத்தின் நோட்டில் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணை எழுதாதீர்கள், ஆதார் நகலை மன்றத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர், நாம் பி.எல்.ஓ. என்று சொல்பவர், விசாரிக்க வீட்டுக்கு வருவார். எங்கள் பகுதியில் அவர் அங்கன்வாடி டீச்சர். காலை பதினொரு மணிக்கு வருவார். அந்த நேரம் வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார்.

"உங்க பேரன் இங்க இருக்கானா, அம்மே?"

"பேரனுங்களா? அவன் இங்க இல்லீங்க டீச்சர், கோயமுத்தூர்ல இருக்கான்."

அவ்வளவுதான். 'குடியிருப்பில் இல்லை' என்று எழுதிப் போய்விடுவார், விண்ணப்பம் தள்ளுபடி. எங்கள் 41இல் நான்கு பேருக்கு நடந்தது இதுதான். விண்ணப்பித்த அன்றைக்கே பாட்டிக்குச் சொல்லி வையுங்கள்: "படிக்கப் போயிருக்கான், சனி ஞாயிறு வந்துருவான்" என்று சொல்லச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பி.எல்.ஓ.வின் எண்ணைத் தளத்திலேயே பார்க்கலாம். ஒரு முறை போன் செய்து, டீச்சர் எப்போ வர்றீங்க என்று கேட்டால் அவர் சந்தோஷப்படுவார்.

சாதாரண நாட்களில் ஒரு மாதம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் பத்து நாளில் முடித்தார்கள். அட்டை தபாலில் வரப் பிந்தும். எங்களில் சிலருக்கு முடிவு வந்த பிறகு, ஜூனில்தான் வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அட்டைக்காகக் கலங்க வேண்டாம்.

5. நோட்டீஸ், பேனர், மைக்

பொள்ளாச்சியில் அச்சடித்தால் மலிவு என்று நாம் எல்லோரும் அங்கேதான் போவோம். போகலாம். ஆனால் ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ அடிக்கும் எந்தத் தாளிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் இரண்டு பிரதியில் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அவரைத் தெரிந்த இருவர் அதில் கையெழுத்திட வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஏ பிரிவு இது. கூட்டத்தின் தேதி, நேரம், இடம் மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு இந்த நிபந்தனை இல்லை. மன்றம் அடிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகை மட்டும். 'மாற்றம் வேண்டும்' என்று நடுவில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அது எந்த வகை என்று நீங்கள் யாருக்கோ விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அச்சடித்ததைக் கோபாலபுரம் வழியாகக் கொண்டு வரும்போது பில் கையில் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் எல்லையில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். மன்றப் பணம் என்று கத்தையாக எடுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். ஜிபேயில் கொடுத்தால் கணக்குக்கும் சௌகரியம்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், கேரளத்தில் 2019 முதல் தடை. துணி பேனர் போதும். அரசுச் சுவர், மின்கம்பம், பாலம் எதிலும் எதையும் ஒட்டாதீர்கள். தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மைக்குக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி, ரசீதை நிகழ்ச்சி நாளில் சட்டைப் பையில் வையுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது.

6. வேட்பாளர் சந்திப்பு

சித்தூர் சட்டமன்றத் தொகுதி மக்களவைக்கு ஆலத்தூரில் வருகிறது. அதில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள், பாலக்காட்டில் நான்கு, திருச்சூரில் மூன்று. குன்னங்குளத்தில் காலை தொடங்கிய வேட்பாளர் மாலை ஐந்து மணிக்கு உங்கள் கல்லூரிக்கு வருவார் என்று நம்பி அறுபது பேரை உட்கார வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். மக்களவைத் தேர்தல் என்றால் பிரதிநிதியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளரே வர வாய்ப்பு உண்டு.

நாள் பார்ப்பதுதான் கஷ்டம். 2024இல் மார்ச் 31 ஈஸ்டர், ஏப்ரல் 10 கேரளத்தில் ரம்ஜான் பெருநாள், 14 விஷு. எல்லைக்கு அந்தப் பக்கம் பெருநாள் 11. நடுவில் தேர்வு. கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

மனுத்தாக்கல் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த அன்றே எல்லா வேட்பாளருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்புங்கள். சுயேச்சைகளை விட்டுவிடாதீர்கள். கடிதம் கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் வராவிட்டால் 'அழைத்தோம், வரவில்லை' என்று காட்ட அந்த நகல்தான் ஆதாரம். இல்லாவிட்டால் மற்றவருக்காக நடத்திய கூட்டம் என்று பேச்சு வரும். கல்லூரி வளாகத்தில் என்றால் வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாத நேரம், நிர்வாகத்தின் சம்மதம், அதிகாரியின் முன் அனுமதி மூன்றும் வேண்டும். எங்களுக்கு அந்தக் கடைசி அனுமதி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர் வாசகசாலை ஹாலுக்கு மாற்றினோம், நிம்மதியாக இருந்தது.

நிகழ்ச்சியில் கொடி, தோள் துண்டு, சின்னம் எதுவும் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். ஒருவருக்கு எட்டு நிமிடம், எல்லோருக்கும் ஒரே கேள்விகள். கேள்வியைத் தமிழில் கேட்டு மலையாளத்தில் ஒருவர் திருப்பிச் சொன்னால் போதும். வருகிறவர்களுக்குத் தமிழ் புரியும்தான். ஆனாலும் 'கேள்வி விளங்கவில்லை' என்று தப்பிக்க வழி விடக் கூடாது.

கேள்விகளைத் துல்லியமாக எழுதுங்கள். 'தண்ணீர்ப் பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் 'பாடுபடுவோம்' என்பார்கள். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும்; அது எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்று வெளியிட வைப்பீர்களா என்று கேட்டோம். அரங்கில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பி.எஸ்.சி. தேர்வுக்குத் தமிழ் வினாத்தாள் பற்றிய கேள்விக்குத்தான் அதிகக் கைதட்டல்.

7. கொட்டிக்கலாசம் (பிரசாரத்தின் கடைசி ஆரவாரம்) முடிந்த பிறகு

வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு எல்லாம் நிற்க வேண்டும். ஏப்ரல் 26 மாலை ஆறுக்கு முடிகிறது என்றால், 24 மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம், மைக், ஊர்வலம் எதுவும் கிடையாது. பிரசாரத்துக்காக எல்லை தாண்டி வந்து தங்கியிருக்கும் கட்சி நண்பர்கள், தொகுதி வாக்காளர் இல்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். உங்கள் அறையில் ஒளித்து வைக்காதீர்கள்.

வாக்குச்சாவடிக்குக் கல்லூரி அடையாள அட்டை செல்லாது. பூத் சீட்டு மட்டும் இருந்தாலும் போதாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய பாஸ்புக், தொழிலுறுதி (நூறு நாள் வேலை) அட்டை இவற்றில் ஒன்று. அசல் வேண்டும். போனை உள்ளே கொண்டு போக முடியாது. ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளட்டும். நூறு மீட்டருக்குள் யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. மன்றத்தின் டீ சர்ட்டும் வேண்டாம். மாலை ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் தருவார்கள், எத்தனை மணி ஆனாலும் போடலாம்.

முதியவர்களைக் கூட்டிப் போக மன்றச் செலவில் ஆட்டோ பிடிக்க நினைத்தோம். வேட்பாளர் தரப்பு வாக்காளருக்கு இலவச வண்டி ஏற்பாடு செய்வது தேர்தல் முறைகேடு. அந்தப் பேர் நமக்கு எதற்கு? வாக்காளர்கள் தங்கள் செலவில் பொது வண்டியில் போனால் தப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. நாலு பாட்டிகள், ஆளுக்கு இருபது ரூபாய் போட்டார்கள். நாங்கள் கைப்பிடித்து ஏற்றி இறக்கினோம், அவ்வளவுதான்.

கோயமுத்தூர், கிணத்துக்கடவுப் பக்கம் வேலைக்குப் போகும் அண்ணன்களுக்கு அன்று ஓட்டுப் போடச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. வேலை எந்த ஊரில் என்பது பொருட்டல்ல. ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் அன்று தேர்தல் இல்லாததால் சூப்பர்வைசருக்கு ஞாபகம் இருக்காது.

8. கணக்கு

எங்கள் மொத்தச் செலவு 4,382 ரூபாய். நோட்டீஸ் 900, இரண்டு துணி பேனர் 1,100, மைக் 800, அறுபது நாற்காலி 300, டீயும் வடையும் 640, ஜெராக்ஸ் 412, பஸ் 230. ஜெராக்ஸ் 412இல் பெரும்பகுதி அந்த அறுபத்து மூன்று படிவம். உங்களுக்கு அது மிச்சம். பணம் முழுக்க உறுப்பினர்கள் போட்டது. ஒரு கட்சிக்காரர் மைக் செட் இலவசமாகத் தருகிறேன் என்றார், நன்றி சொல்லி மறுத்தோம். ஒரு வேட்பாளருக்காக, அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செலவு செய்வதும் குற்றம். இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 176ஆவது பிரிவில் இருக்கிறது. 'நம்ம அண்ணன்தானே' என்று கையிலிருந்து போட்டு மாலை வாங்கும் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கல்லூரி யூனியன் தேர்தலுக்கு லிங்டோ குழு சொன்ன 5,000 ரூபாய் வரம்பு, கையால் எழுதிய போஸ்டர் என்ற விதி எல்லாம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல்வர் அறையில் வாதாடாதீர்கள். நான் வாதாடினேன்.

9. பஞ்சாயத்துப் பட்டியல் தனி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லோரும் கடைசியில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் ஒரே பட்டியல்தானே என்பார்கள். அங்கே சட்டமன்றப் பட்டியலை வைத்தே உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. கேரளத்தில் உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. தளம் வேறு, விண்ணப்பம் வேறு. 2024இல் ஓட்டுப் போட்ட எங்கள் மன்றத்தார் ஏழு பேருக்கு 2025 டிசம்பர் பஞ்சாயத்துத் தேர்தலில் பெயரே இல்லை. வாக்காளர் அட்டையைக் காட்டி பூத்தில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. முகாம் நடத்தும் அன்றே, பக்கத்து மேசையில், அந்தத் தளத்தையும் திறந்து வையுங்கள். வார்டு எண் கேட்பார்கள். வீட்டு வரி ரசீதில் வார்டும் வீட்டு எண்ணும் இருக்கும், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.